ராஸ்பெரி பையில் நேரம் தவறாத கட்டுப்பாடு: வன்னியில் சிஎன்சி மேசை கட்டத் தொடங்குவோருக்கு

கதவுக்கும் நிலைக்கும் பூ வெட்டும் சிஎன்சி மேசையை (கணினி சொல்லும் பாதையில் கட்டரை நகர்த்தும் பொறியை) சொந்தமாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடக்குப்படுகிறார்கள். மோட்டர் ஓடும், நிரலும் ஓடும், கோடும் நேராக விழும். அரை மணித்தியாலம் கழித்து ஓரிடத்தில் கட்டர் அரை மில்லிமீற்றர் தள்ளிப் போயிருக்கும். திரும்ப ஓட்டினால் அந்த இடத்தில் வராது, வேறெங்காவது வரும். பெல்ட்டை இறுக்குவார்கள், ஸ்குரூவை மாற்றுவார்கள், மோட்டரை ஓட்டும் டிரைவர் சுற்றை மாற்றுவார்கள். அவ்வளவும் செய்தும் போகாவிட்டால் பிழை பெரும்பாலும் சிறு கணினியின் நேரத்தில்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி ராஸ்பெரி பை 4 அல்லது 5 என்ற சிறு கணினியை (இனி "பை") வைத்து எழுதப்பட்டது. தண்ணீர்ப் பம்ப், நெல் தரம் பிரிக்கும் பொறி, ஒலிக் கருவி என்று எதற்கும் முறை இதுதான், எண்கள் மட்டும் மாறும். லினக்ஸில் கட்டளை தட்டத் தெரிந்தால் போதும். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

முன்கூட்டியே ஒன்று. நேரம் தவறாமை என்பது வேகம் அல்ல. 1 மில்லி செக்கனுக்கு ஒருமுறை ஓடும் நிரல் சுற்று ஒரு மணித்தியாலத்தில் 36 இலட்சம் தடவை ஓடும். அதில் ஒன்று 10 மில்லி செக்கன் பிந்தினாலும் முதிரைப் பலகை வீண். சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மிக மோசமான ஒரு சுற்று எவ்வளவு பிந்தியது என்பது மட்டுமே கணக்கு.

1. எவ்வளவு பிந்தினால் தாங்கும்? முதலில் கணக்குப் போடுங்கள்

பலகை வாங்க முன்னர் ஒரு கொப்பியில் இதைச் செய்யுங்கள். சாதாரண ஸ்டெப்பர் மோட்டர் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் 8 மைக்ரோஸ்டெப் வைத்தால் 1600. போல் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தினால் ஒரு மில்லிமீற்றருக்கு 320 துடிப்பு (ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு ஒரு மின் துடிப்பு). நிமிடத்துக்கு 3000 மில்லிமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 50 மில்லிமீற்றர், அதாவது 16,000 துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 62.5 மைக்ரோ செக்கன்தான் இருக்கிறது.

நன்றாகச் சீர்செய்த பை 4கூட பாரம் ஏற்றிய நிலையில் சில பத்து மைக்ரோ செக்கன் முன்பின் ஆகும். 62.5 இடைவெளிக்கு அந்த ஆட்டம் மிக அதிகம். ஆகவே இந்த வேகத்தில் பையின் கால்களிலிருந்து (ஜிபிஐஓ ஊசிகளிலிருந்து) நேரே துடிப்பு அனுப்ப முயல வேண்டாம். காணொளிகளில் ஓடுவதைக் காட்டுவார்கள், ஆனால் அங்கே வேகம் எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். நிமிடத்துக்கு 300 மில்லிமீற்றர் என்றால் இடைவெளி 625 மைக்ரோ செக்கன், அங்கே யாருக்கும் ஓடும்.

வேலையை இரண்டாகப் பிரிப்பதே சரி. துடிப்பை ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் (இயங்குதளம் இல்லாமல் ஒரே நிரலை ஓட்டும் சில்லு) பார்க்கட்டும். 1 மில்லி செக்கனுக்கு ஒருமுறை "இப்போது இந்த வேகம்" என்று சொல்வதைப் பை பார்க்கட்டும். 50 மில்லிமீற்றர் வேகத்தில் 1 மில்லி செக்கனுக்குள் கட்டர் நகர்வது 0.05 மில்லிமீற்றர். பை 100 மைக்ரோ செக்கன் பிந்தினால் பிழை 0.005 மில்லிமீற்றர், மரத்தில் தெரியாது. 10 மில்லி செக்கன் பிந்தினால் அரை மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரியும். இலக்கு கிடைத்துவிட்டது: எந்தப் பாரத்திலும் 100 மைக்ரோ செக்கனைத் தாண்டக் கூடாது.

தண்ணீர்த் தொட்டி மட்டம் பார்த்துப் பம்ப் போடுகிறவர் இங்கேயே நிறுத்தலாம். உங்களுக்கு 100 மில்லி செக்கன் பிந்தினாலும் ஒன்றும் ஆகாது, கீழே உள்ளவற்றில் மின்சாரம் பற்றிய பகுதி மட்டும் போதும்.

2. வாங்குவதும் பற்றுச்சீட்டும்

பை 4, 2 ஜிபி போதும். திரை வைக்காமல் ஓட்டும்போது நினைவகம் ஒருபோதும் நிரம்பாது. பை 5 வேகமானது. ஆனால் அதன் வெளிக்கால்கள் ஆர்பி1 என்ற தனிச் சில்லின் வழியே போகின்றன, பழைய நூலகமான பிக்பியோ அதில் வேலை செய்யாது. பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்துப் படிப்பவருக்கு பை 4 சுலபம். பை 3 ஏற்கனவே கையில் இருந்தால் பழகப் பயன்படுத்துங்கள், புதிதாக வாங்க வேண்டாம். அதில் ஈதர்நெட்டும் யூஎஸ்பிக்குள்ளாகத்தான் வருகிறது, நேரக் கட்டுப்பாட்டுக்கு அது தலையிடி.

துடிப்புக்கு ராஸ்பெரி பை பிக்கோ ஒன்று. 2021இல் 4 டொலருக்கு அறிமுகமான பலகை, மொத்தச் செலவில் இது ஒரு சிறு பங்குதான். இரண்டு வாங்குங்கள், ஒன்று எப்படியும் எரியும்.

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் இணையக் கடைகளிலும் இவை கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து நேரே எடுப்பது மலிவாகத் தோன்றும். ஆனால் பை 4இலும் 5இலும் வைஃபை இருக்கிறது. வானலைக் கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்டுச் சுங்கத்தில் பொதி நிற்கலாம். ஒரு பலகைக்காக அந்த அலைச்சல் தேவையில்லை, உள்நாட்டில் வாங்குங்கள். வைஃபை இல்லாத சாதாரண பிக்கோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அப்படியும் எடுக்கத்தான் வேண்டுமென்றால் பற்றுச்சீட்டு, காசு கட்டிய ஆதாரம், அடையாள அட்டைப் பிரதி மூன்றையும் தயாராக வைத்திருங்கள்.

விலை கேட்கும்போது 18 சதவீத வற் வரி சேர்ந்ததா சேராததா என்று கேளுங்கள். தொலைபேசியில் ஒரு விலையும் பற்றுச்சீட்டில் இன்னொரு விலையும் வருவது இதனால்தான். உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பஸ்ஸில் வரும் பொதியோடு அந்தத் தாளும் வர வேண்டும், இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கப் போகும்போது பேச்சு நீளும்.

இயங்குதளத்தை வைக்கும் எஸ்டி காட்டில் போலி அதிகம். 32 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 இருக்கும். வாங்கியவுடன் எஃப்3 என்ற கருவியால் முழுவதும் எழுதி வாசித்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் உண்மை தெரிந்துவிடும்.

3. மின்சாரமும் வெக்கையும்

கேர்னல் (லினக்ஸின் கரு மென்பொருள்), நிரல் எல்லாவற்றுக்கும் முன்னர் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பைக்குள் வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிரலைக் கேட்காது, நிரலுக்கு அறிவிக்கவும் மாட்டாது. கேர்னலை எவ்வளவு சீர்செய்தாலும் அந்தக் கணத்தில் சுற்றுப் பிந்தும். சூடு 80 பாகையைத் தொட்டாலும் இதேதான்.

பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர். பை 5க்கு 5.1 வோல்ட், 5 அம்பியர். போன் சார்ஜர் இரண்டுக்கும் சரிவராது. பை 5க்கு 3 அம்பியர் கொடுத்தாலும் ஓடும், ஆனால் யூஎஸ்பிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி அம்பியர்தான் தரும். சார்ஜர் நல்லதாக இருந்தும் மெல்லிய கேபிளால் கெட்டுப்போவது மிகச் சாதாரணம். மல்டிமீற்றரை 4ஆம் காலுக்கும் 6ஆம் காலுக்கும் இடையே வைத்து, நான்கு கோரும் முழுப் பாரத்தில் ஓடும்போது அளந்து பாருங்கள். 4.9க்கு மேல் நின்றால் நல்லது. 4.7 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு சார்ஜரை.

மோட்டருக்குப் போகும் 24 அல்லது 36 வோல்ட் சப்ளையிலிருந்தே பைக்கும் இறக்கி எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. மோட்டர் திடீரென்று திரும்பும்போது அந்த வயரில் வரும் மின்னழுத்த ஆட்டம் முழுவதும் பைக்கு வரும். தனிச் சப்ளை வையுங்கள். சூரியப் படலும் 12 வோல்ட் பற்றரியும் வைத்து ஓட்டும் வீடுகளில் 5 அம்பியர் தாங்கும், மின்னழுத்தத்தை இறக்கும் நல்ல சுற்றைப் போட்டு, வெளியீட்டை 5.1க்குச் சரிசெய்து, யூஎஸ்பி-சி வழியாகக் கொடுங்கள். கால்கள் வழியாக 5 வோல்ட் கொடுத்தால் பாதுகாப்புச் சுற்றைத் தாண்டிப் போகும்.

நிலையைப் பார்க்க "விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்" என்ற கட்டளை. 0எக்ஸ்0 என்று வந்தால் எல்லாம் சரி. 0எக்ஸ்50005 என்றால் இப்போதும் மின்னழுத்தம் குறைவு, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 0எக்ஸ்50000 என்றால் இப்போது சரி, ஆனால் இயக்கிய பிறகு ஒருமுறையாவது நடந்திருக்கிறது. பலரும் இந்த மூன்றாவதைப் பார்த்துவிட்டு "இப்ப சரிதானே" என்று விட்டுவிடுவார்கள். உங்கள் அரை மில்லிமீற்றர் போனது அந்த ஒருமுறையில்தான்.

வெக்கைக்கு வருவோம். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை மாதத்து மத்தியானம், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் பை 4 சும்மா இருந்தாலே சூடாகும். காற்றாடி வைத்தால் மரத்தூளும் சோளகக் காற்றுப் புழுதியும் உள்ளே இழுபட்டு, சில மாதத்தில் காற்றாடியே நின்றுவிடும். மரவேலை நடக்கும் இடத்தில் காற்றாடியைவிட, உடலே வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியப் பெட்டி நல்லது.

கூடவே வேகத்தை வேண்டுமென்றே குறைத்துக் கட்டிவிடுங்கள். "கொன்ஃபிக்.டிஎக்ஸ்டி" கோப்பில் "ஆர்ம்_ஃப்ரீக்" என்பதையும் "ஆர்ம்_ஃப்ரீக்_மின்" என்பதையும் 1200 என்று போடுங்கள். பை 4 1500 மெகாஹேர்ட்ஸிலும் அதற்கு மேலும் ஓடக்கூடியதுதான். ஆனால் 1 மில்லி செக்கன் சுற்றுக்கு 1200 தாராளம். ஏறி இறங்காத 1200, சூட்டில் திடீரென்று விழும் 1500ஐவிட எவ்வளவோ மேல். வேகத்தை ஆளும் கவர்னரும் "பெர்ஃபோமன்ஸ்" நிலையில் நிற்க வேண்டும். வழமையாக அது "ஒன்டிமான்ட்" என்று இருக்கும், வேலை வரும்போதுதான் வேகம் ஏற்றும், ஏற்றும் நேரம் உங்கள் தாமதம். ஒவ்வொருமுறையும் மாற்றாமல் இருக்க, "சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி"யில் "சிபியூஃப்ரீக்.டிஃபோல்ட்_கவர்னர்=பெர்ஃபோமன்ஸ்" என்று சேருங்கள். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். என்டர் தட்டிப் புது வரியில் எழுதினால் அது வாசிக்கப்படாது, பிழையும் காட்டாது.

4. ஆர்டி கேர்னல்

இயங்குதளம் ராஸ்பெரி பை ஓஎஸ், 64 பிட் லைட் பதிப்பு. டெஸ்க்டொப் வேண்டாம். பை 4இல் நான்கு கோர்களும் ஒரே 1 எம்பி கேஷை (செயலிக்குள் இருக்கும் விரைவு நினைவகத்தை) பகிர்கின்றன. திரையில் ஜன்னல் ஒன்று அசைந்தாலும் அந்தக் கேஷ் கலையும், உங்கள் கோர் தனியாக இருந்தும் பயனில்லை. வரைபடம் பார்க்கும் திரையை லப்டொப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டி என்றால் ரியல் டைம். அவசர இழைக்கு கேர்னல் உடனே வழிவிடச் செய்யும் பிரீஎம்ட் ஆர்டி என்ற மாற்றங்கள் பல வருடம் தனிப் பட்ச்சாக (கேர்னலில் பின்னர் ஒட்டும் திருத்தமாக) இருந்தன. 2024 நவம்பரில் வந்த 6.12 கேர்னலிலிருந்து 64 பிட் ஆர்ம் பலகைகளுக்கு அவை மூலக் கேர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே பட்ச் இறக்கி ஒட்டச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள். முதலில் "ஏப்ட்" களஞ்சியத்தில் ஆர்டி என்று முடியும் கேர்னல் பொதி உங்கள் பலகைக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நிறுவி, அடுத்த பகுதிக்குப் போகலாம்.

இல்லையென்றால் நீங்களே கட்ட வேண்டும். ராஸ்பெரி பையின் கேர்னல் மூலத்தை "டெப்த் 1" என்று போட்டு இறக்குங்கள். அதைப் போடாவிட்டால் முழு வரலாறும் இறங்கி டேட்டா பக்கேஜ் முடிந்துவிடும். பை 4க்கு "பிசிஎம்2711_டெஃப்கொன்ஃபிக்", பை 5க்கு "பிசிஎம்2712_டெஃப்கொன்ஃபிக்". பிறகு "மெனுகொன்ஃபிக்" திறந்து பொது அமைப்பில் "ஃபுல்லி பிரீஎம்டிபிள் கேர்னல்" என்பதைத் தெரிய வேண்டும். அது கண்ணில் படவே இல்லையென்றால் பதற வேண்டாம், அதே பக்கத்தில் "எக்ஸ்பேர்ட்" தெரிவை முதலில் இயக்கினால்தான் அது தோன்றும். இதில் அகப்பட்டு அரை நாள் தேடுபவர்கள் அதிகம்.

பையிலேயே கட்டினால் பை 4க்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதற்குள் கரண்ட் போகாது என்று யாரும் உறுதி தர முடியாது. பற்றரி உள்ள லப்டொப்பில் குறுக்குத் தொகுப்பு (பைக்கான கேர்னலை வேறு கணினியில் கட்டுவது) செய்வது புத்திசாலித்தனம். கட்டிய கேர்னலைப் பழையதன் மேல் எழுதாமல் வேறு பெயரில் பூட் பகுதியில் வைத்து, "கொன்ஃபிக்.டிஎக்ஸ்டி"யில் "கேர்னல்=" என்று அந்தப் பெயரைக் கொடுங்கள். எழும்பாவிட்டால் எஸ்டி காட்டைக் கழற்றி லப்டொப்பில் போட்டு அந்த ஒரு வரியை அழித்தால் பழையது எழும்பும்.

எழும்பிய பின் "யூநேம் -வி" என்று தட்டுங்கள். அதில் பிரீஎம்ட்_ஆர்டி என்ற சொல் இருக்க வேண்டும். வெறும் பிரீஎம்ட் என்று மட்டும் இருந்தால் அது சாதாரணக் கேர்னல். இரண்டும் ஒன்றென்று நினைத்து மேலே போய்விட வேண்டாம்.

5. அளந்து பாருங்கள்

"ஆர்டி-டெஸ்ட்ஸ்" பொதியில் சைக்ளிக்டெஸ்ட் இருக்கிறது. "-எம் -எஸ் -பி 95 -ஐ 1000" என்று கொடுத்து ஓட்டுங்கள். இங்கே எம் சிறியது, எஸ் பெரிய எழுத்து. நினைவகத்தைப் பூட்டி, ஒவ்வொரு கோரிலும் ஒரு இழை (திரெட்) வைத்து, 95 முன்னுரிமையில், 1000 மைக்ரோ செக்கனுக்கு ஒருமுறை எழும்பி, எவ்வளவு பிந்தி எழும்பியது என்று அது எழுதும். வரும் எண்களில் "மக்ஸ்" என்பதை மட்டும் பாருங்கள்.

சும்மா இருக்கும் பலகையில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. இன்னொரு முனையத்தில் "ஸ்ட்ரெஸ்-என்ஜி" கொண்டு நான்கு கோருக்கும், நினைவகத்துக்கும், எஸ்டி காட்டுக்கும் பாரம் ஏற்றுங்கள். அதோடு வலையமைப்பில் ஒரு பெரிய கோப்பையும் இறக்குங்கள். அரை மணித்தியாலம் ஓட்டினால் அமைப்புச் சரியா பிழையா என்று தெரியும். கடைசிச் சோதனை ஒரு முழு நாள் ஓட வேண்டும். இரவு மட்டும் ஓட்டினால் மத்தியான வெக்கை அதில் வராது.

பை 4இல் சாதாரணக் கேர்னல் இந்தப் பாரத்தில் பல நூறு மைக்ரோ செக்கன் காட்டும், சில வேளை மில்லி செக்கனையும் தாண்டும். ஆர்டி கேர்னலில் பொதுவாக 100க்குள் நிற்க வேண்டும். 200, 300 என்று வந்தால் மீண்டும் 3ஆம் பகுதிக்குப் போய் மின்னழுத்தத்தையும் கவர்னரையும் பாருங்கள். அங்கேயும் சரியென்றால் "ஆர்டிஎல்ஏ டைமர்லாட்" என்ற கருவி எந்தக் குறுக்கீடு (இன்டரப்ட்), எந்த இழை குழப்புகிறது என்று பெயரோடு காட்டும். அதற்கு கேர்னல் கட்டும்போதே டைமர்லாட் ட்ரேசரை இயக்கியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு அளவோடும் கேர்னல் பதிப்பு, இரண்டு டிஎக்ஸ்டி கோப்புகளின் நகல், அறையின் சூடு ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றி அளவு குறைந்தால் எது குறைத்தது என்று தெரியாது, பின்னர் கூடினாலும் தெரியாது.

6. ஒரு கோரை ஒதுக்குதல்

"சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி"யில் "ஐசோல்சிபியூஸ்=3", "ஐஆர்கியூஅஃபினிட்டி=0-2", "ஆர்சியூ_நொசிபிஎஸ்=3" மூன்றையும் சேருங்கள். கோர்கள் 0 முதல் 3 வரை எண்ணப்படும், கடைசியான 3ஆம் கோரில் இனி கேர்னல் தானாக எந்த நிரலையும் போடாது. உங்கள் நிரலையும் போடாது! "டாஸ்க்செட்" கொண்டு நீங்கள்தான் அங்கே அனுப்ப வேண்டும். ஒதுக்கிவிட்டு அனுப்ப மறந்தால், உங்கள் நிரல் மீதி மூன்று கோரில் நெரிபட, 3ஆம் கோர் சும்மா கிடக்கும்.

இரண்டு கோரை ஒதுக்கி இரண்டு இழைகளை அனுப்பினால் கேர்னல் அவற்றைப் பகிர்ந்து வைக்காது, இரண்டும் ஒரே கோரில் குந்திவிடலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டுங்கள். "நோஹெச்இசட்_ஃபுல்" என்பதையும் போடச் சொல்வார்கள். 1 மில்லி செக்கனுக்கு ஒருமுறை எழும்பும் நிரலுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை, விட்டுவிடலாம்.

7. உங்கள் நிரல்

கேர்னல் 80 மைக்ரோ செக்கன் காட்டுகிறது, நிரல் மட்டும் 5 மில்லி செக்கன் பிந்துகிறது என்றால் பிழை நிரலில்தான். சுற்றுப் பகுதியை சி அல்லது சி++ இல் எழுதுங்கள். பைத்தன் திரைக்கும் கோப்புக்கும் இருக்கட்டும். பயன்படாத நினைவகத்தைத் துப்புரவாக்க அது எப்போது போகும் என்று நீங்கள் சொல்ல முடியாது.

தொடக்கத்தில் ஒருமுறை செய்ய வேண்டியவை: "எம்லொக்ஓல்" அழைத்து இப்போதுள்ள, இனி வரும் நினைவகப் பக்கங்கள் எல்லாவற்றையும் பூட்டுங்கள். தேவையான இடத்தை எல்லாம் முன்பே எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பைட்டாவது எழுதித் தொட்டு வையுங்கள். எந்த இழை எப்போது ஓடும் என்ற திட்டமிடலை "ஷெட்_ஃபைஃபோ"வுக்கு மாற்றி முன்னுரிமை 80 கொடுங்கள். 99 கொடுக்க வேண்டாம், கேர்னலின் சொந்தக் காவல் இழைகள் அங்கே இருக்கின்றன. சாதாரணப் பயனராக ஓட்டினால் லிமிட்ஸ் கோப்பில் "ஆர்டிபிரையோ", "மெம்லொக்" இரண்டுக்கும் அனுமதி தேவை. அது இல்லாமல் அழைப்புத் தோற்றுப் போகும், திரும்பி வந்த எண்ணைப் பார்க்காத நிரல் ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சுற்றுக்குள் "யூஸ்லீப் 1000" என்று உறங்குவது புதியவர்கள் எல்லோரும் எழுதுவது. வேலைக்கு 120 மைக்ரோ செக்கன் போனால் சுற்று 1120 ஆகும், அடுத்தது வேறாகும், பிழை சேர்ந்துகொண்டே போகும். "குளொக்_நானோஸ்லீப்"பை மொனோடொனிக் கடிகாரத்தோடும் "டைமர்_அப்ஸ்டைம்" தெரிவோடும் பயன்படுத்துங்கள். அடுத்து எழும்ப வேண்டிய நேரத்தை நீங்களே 10,00,000 நானோ செக்கன் கூட்டிக் கூட்டி வைத்திருப்பீர்கள், ஒரு சுற்றுப் பிந்தினாலும் அடுத்தது சரியான இடத்தில் விழும்.

சுற்றுக்குள் வரக்கூடாதவை: "மலொக்" (புதிதாக நினைவகம் கேட்பது), "பிரின்ட்எஃப்", கோப்பில் எழுதுதல், வலையமைப்பு. பதிவு வேண்டுமென்றால் ஒரு வட்ட வரிசையில் போட்டுவிட்டுப் போங்கள், இன்னொரு சாதாரண இழை அதை எடுத்து எழுதட்டும். இரண்டு இழைகளும் ஒரே பூட்டை (மியூடெக்ஸை) பகிர்ந்தால் அதில் "பிரையோ_இன்ஹெரிட்" போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கீழ் முன்னுரிமை இழை பூட்டைப் பிடித்தபடி நடுவில் நிறுத்தப்பட, மேல் இழை வாசலில் நிற்கும்.

எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உறங்கவே உறங்காத நிரலை எழுதினால் கேர்னல் ஒவ்வொரு செக்கனிலும் 50 மில்லி செக்கன் வரை அதை நிறுத்தி மற்றவற்றுக்கு இடம் கொடுக்கும். செக்கனுக்கு ஒருமுறை தவறாமல் வரும் வெட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தக் காவலை அணைக்கும் முறையை இணையத்தில் காண்பீர்கள். அணைத்தபின் நிரல் தொங்கினால் அந்தக் கோரில் சாதாரண நிரல் எதுவும் ஓட முடியாது. உறங்கும்படி எழுதுவதே சரி.

8. எஸ்டி காட்டும் வைஃபையும்

வைஃபை, புளூடூத் இரண்டையும் "கொன்ஃபிக்.டிஎக்ஸ்டி"யில் "டிடிஓவர்லே=டிசேபிள்-வைஃபை", "டிடிஓவர்லே=டிசேபிள்-பிடி" என்று அணைத்துவிட்டு ஈதர்நெட் வயர் போடுங்கள். எஸ்டி காட்டில் எழுதுவது சில வேளை நூற்றுக்கணக்கான மில்லி செக்கன் பிடிக்கும். சுற்று கோப்பைத் தொடாதவரை அது உங்களைத் தொடாது. அதைவிடப் பெரிய பயம் எழுதும் நடுவில் கரண்ட் போவது. எல்லாம் சரிவந்த பின் "ராஸ்பி-கொன்ஃபிக்"கில் ஓவர்லே கோப்பமைப்பை இயக்கினால் காட்டில் ஒன்றும் எழுதப்படாது, சுவிட்சை எந்த நேரமும் அணைக்கலாம்.

9. பிக்கோவுக்குக் கொடுக்க வேண்டியவை

பிக்கோவின் ஆர்பி2040 சில்லில் பிஐஓ என்ற எட்டுச் சிறு பொறிகள் உண்டு. ஸ்டெப் துடிப்பை அவை 125 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தோடு அடிக்கும், அங்கே லினக்ஸும் இல்லை, கேர்னலும் இல்லை. பைக்கும் பிக்கோவுக்கும் இடையே எஸ்பிஐ (சில்லுகள் தமக்குள் பேசும் வயர் இணைப்பு). வேகம் 8 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் வேண்டாம், பிக்கோ அடிமையாக (பையின் கடிகாரத்தைக் கேட்டு) ஓடும்போது ஏறத்தாழ 10க்கு மேல் தாங்காது. செய்தியை 24 பைட்டுக்குள் வைத்தால் 24 மைக்ரோ செக்கனில் முடியும். பை 4இன் எஸ்பிஐ ஓட்டி (கேர்னலின் டிரைவர் மென்பொருள்) 30 மைக்ரோ செக்கனுக்குள் முடியும் செய்திகளை அங்கேயே நின்று முடித்துவிடும். அதைவிட நீண்டால் குறுக்கீட்டுக்குக் காத்திருக்கும், ஆர்டி கேர்னலில் அந்தக் குறுக்கீட்டு இழையின் முன்னுரிமை 50 மட்டுமே. செய்தியைச் சிறிதாக வைப்பதால் வரும் லாபம் இது.

எஸ்பிஐ வயர் 10 சென்ரிமீற்றருக்குள். கட்டரைச் சுழற்றும் ஸ்பின்டில் மோட்டரின் இன்வேர்ட்டர் கேபிளோடு அதைச் சேர்த்துக் கட்ட வேண்டாம். கால்கள் 3.3 வோல்ட், டிரைவர்கள் பெரும்பாலும் 5 வோல்ட் எதிர்பார்க்கும். நடுவில் 3.3ஐ 5 வோல்ட்டாக ஏற்றித் தர, 5 வோல்ட்டில் ஓடும் 74ஹெச்சிடி245 சில்லு ஒன்றைப் போடுங்கள். பெயரில் "ஹெச்சிடி" இருக்க வேண்டும். கடையில் "எல்லாம் ஒண்டுதான்" என்று வெறும் ஹெச்சி தருவார்கள், அது 3.3 வோல்ட்டை உயர்நிலையாக எடுக்கும் என்று நம்ப முடியாது.

பிக்கோவில் ஒரு காவல் எழுதுங்கள்: பையிடமிருந்து 20 மில்லி செக்கன் செய்தி வராவிட்டால் துடிப்பை நிறுத்து. அவசர நிறுத்தப் பொத்தான் இது எதையும் நம்பக் கூடாது. அது கொன்டாக்டர் வழியாக ஸ்பின்டிலுக்கும் டிரைவருக்கும் போகும் மின்சாரத்தையே நேரே துண்டிக்க வேண்டும். பைக்கு "அழுத்தப்பட்டது" என்று சொல்ல இன்னொரு வயர் போடலாம், அது தகவலுக்கு மட்டும்.

10. நாளும் காசும்

பொருள் கைக்கு வந்த பின், மின்சாரத்துக்கும் பெட்டிக்கும் ஒரு நாள், கேர்னலுக்கு ஒரு நாள், அளவெடுப்புக்கு இரண்டு நாள், நிரலுக்கு உங்கள் பழக்கத்தைப் பொறுத்து. டேட்டாவுக்கு 2 ஜிபிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்: இயங்குதளமே அரை ஜிபி வரும், கேர்னல் மூலமும் கருவிகளும் அதற்கு மேல். இரவுப் பக்கேஜில் இறக்குவது மலிவு.

காசு இறுக்கமாக இருந்தால் 2 ஜிபி பலகையை எடுத்து, மிச்சத்தைச் சார்ஜரிலும் அலுமினியப் பெட்டியிலும் போடுங்கள். 8 ஜிபி பலகையும் போன் சார்ஜரும் என்ற சேர்க்கைதான் மிக விலை கூடியது, இரண்டு தடவை வாங்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி தொடங்கினால் ஈதர்நெட் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றி ரவுட்டர் வழியாகப் பலகையைப் பறிகொடுப்பது வழமை.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்றே எஸ்டி காட்டின் முழு நகல் ஒன்றை லப்டொப்பில் எடுத்து, இன்னொரு காட்டில் எழுதி, அந்தக் காட்டாலும் பை எழும்புகிறதா என்று பார்த்து, மேசையின் லாச்சிக்குள் வையுங்கள். அதன் பின்னர் "ஏப்ட் அப்கிரேட்" அடிக்க வேண்டாம். கேர்னல் மாறினால் 5ஆம் பகுதியை முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கும்.